காற்றுக்கு நின்ற சிரட்டை

என் மேசையில் ஒரு தேங்காய்ச் சிரட்டை இருக்கிறது. கண் உள்ள பாதி. மூன்று கண்களில் ஒன்று, மெழுகுதிரி நுழையும் அளவுக்குத் துளைக்கப்பட்டிருக்கிறது. உட்புறத்தில் வருடா வருடம் வழிந்த மெழுகு ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மங்கலான மஞ்சளாகிவிட்டது. விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் கரி. நான் படிப்பிக்கும் மாங்குளத்துப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த விஞ்ஞான ரீச்சர், வந்த கிழமையே அதற்குள் தன் பேனைகளைப் போட்டு வைத்தார். தூக்கியதும் பேனைகள் ஓட்டைக்குள்ளால் வழுக்கி நிலமெல்லாம் சிந்தின.

“உதென்ன ரீச்சர், ஓட்டைச் சிரட்டை! எறிஞ்சுபோட்டு வேறை ஒண்டு வையுங்கோவன்” என்றார்.

“எறிய ஏலாது ரீச்சர். அது எங்கடை அப்பாவின்ரை லைற்” என்றேன்.

அவர் கூரையில் எரிந்த குழாய் விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். ‘அப்பாவின் லைற்’ என்ற சொல்லை இப்படி வாய் நிறையச் சொல்லிச் சிரிக்க என்னால் முடியும் என்று, உயர்தரம் படித்த காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அப்போது அந்தச் சொல்லுக்குப் பயந்து பஸ் வரும்வரை கடைக்குப் பின்னால் நின்றவள் நான்.

எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கரையில், பனையும் மணலும் முடிந்து கடல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. மாதா கோயில் கடலைப் பார்த்து நிற்கும். தொழிலுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்குச் சிலுவைதான் முதலில் தெரிய வேண்டும் என்று முன்னோர் அப்படிக் கட்டினார்களாம். போருக்குப் பின் மீள்குடியேறி வந்து அதைத் திருப்பிக் கட்டியபோதும் ஊரார் வாசலை மாற்றச் சம்மதிக்கவில்லை. அதனால் கொண்டல் காற்று கடலில் இருந்து நேரே உள்ளே வரும். பூசைப் புத்தகத்தின் தாள்களைப் பங்குச் சுவாமி முழங்கையால் அழுத்திக்கொண்டு செபிப்பதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். காற்றே வராத இடம் ஒன்றுதான்: கோயிலின் பின்பக்கம். அங்கே பீடத்துச் சுவரில் ஒரு யன்னலும், சுவாமி உடுப்பு மாற்றும் சின்ன அறையின் கதவும், அவற்றுக்கு எதிரே ஒரு பெரிய பூவரசும் இருந்தன. அந்தப் பூவரசுக்குக் கீழேதான் என் அப்பா ஒரு வருடத்துக்கும் மேலாக ஞாயிறு பூசை கண்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் இல்லை. அப்பா எழுத்துக்கூட்டத் தொடங்கிய வயதிலேயே வள்ளத்தில் ஏறிவிட்டார். அம்மாவின் படிப்பை இடப்பெயர்வுகள் தின்றுவிட்டன. என் பெயரைத் தாளில் முதல் தடவை எழுதிக் காட்டியபோது அப்பா அதைக் கையில் வாங்கி, ஈரம் காயட்டும் என்று ஊதினார். அது பென்சிலால் எழுதியது. அவ்வளவு ஆசை அவருக்கு. நான் உயர்தரத்துக்குப் புதுக்குடியிருப்புக்குப் பஸ் ஏறிப் போகத் தொடங்கிய வருடத்தில் கரையில் மீன் குறைந்தது. அந்த வருடத்தில்தான் வேறு ஊர் முதலாளி ஒருவருடைய போட்டில் லைற் போட்டு மீன் பிடிக்க அப்பா போனார். என் படிப்புக்காகத்தான் போனார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் அப்படிச் சொல்லி அவரைக் காப்பாற்றப் போவதில்லை. எல்லா வீட்டிலும் பிள்ளைகள் படித்தார்கள். எல்லாரும் லைற் போடவில்லை.

லைற் போடுவது என்றால், போட்டில் ஜெனறேற்றர் வைத்து, பெரிய பல்புகளைக் கடலுக்கு நேரே பிடித்து எரிய விடுவது. வெளிச்சத்தைக் கண்டு மீன் கூடும். கூடியதும் வலை சுற்றி வளைத்துவிடும். குஞ்சு, சினை என்ற வேறுபாடு அந்த வலைக்கு இல்லை. அது சட்டத்துக்கு மாறானது என்பது எல்லாருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய விசயம், கரைவலைக்காரர்களுக்கு அது செய்கிற அநியாயம். எங்கள் ஊரில் பாதிக் குடும்பங்கள் கரைவலைக் கயிறு இழுத்து வாழ்ந்தவை. ஆணும் பெண்ணும் இடுப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு மணலில் பின்னோக்கி நடந்து நடந்து வலையை இழுப்பார்கள். அந்த மாதங்களில் அவர்கள் இழுத்த வலையில் சருகும் யாரும் வாங்காத சொறிமீனும்தான் வந்தன. வெறும் பெட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள் எங்கள் வாசல் படலையைக் கடந்து போவார்கள். அம்மா அந்த நேரத்தில் குசினியைவிட்டு வெளியே வரவே மாட்டாள்.

மறைக்கல்வி வகுப்பில் பாவம் இருட்டைத் தேடும் என்று படித்திருந்தேன். அப்பாவின் பாவத்துக்கு அந்த வசதியும் இல்லை. அது வெளிச்சம் போட்டுச் செய்கிற பாவம். பொழுதுபட்டால் கடலில் ஒரு மஞ்சள் கூடாரம் எழும்பும். கரையில் நிற்கிற ஒவ்வொருவருக்கும் அது தெரியும். அதற்குள் யார் நிற்கிறார் என்பதும் தெரியும். பஸ் தரிப்பிடத்தில் என்னைக் கண்டதும் யாராவது கண்ணைக் கையால் மறைத்து, “ஐயோ கூசுது” என்பார்கள். என் பெயர் ‘லைற்’ ஆகிவிட்டது.

கரைவலையின் சொந்தக்காரர் சம்மாட்டியார். அவர்தான் கோயிலின் மூப்பரும். வலையும் கோயிலும் அவருக்கு ஒரே வேலை மாதிரித்தான். இரண்டிலும் ஒரே குரலில் சத்தம் போடுவார். அப்பா இளைஞராக இருந்தபோது அவருடைய வலையில்தான் தொழில் பழகினார். அப்படிப்பட்ட சம்மாட்டியார் ஒரு பின்னேரம் எங்கள் முற்றத்துக்கு வந்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே அம்மா கதிரையை இழுத்துப் போட்டாள். அவர் அப்பாவுக்கு எதிரே இருந்து, கொடுத்த தேத்தண்ணியை முழுதும் குடித்தார்.

“தம்பி, நீ கடலுக்கை நிக்கிறாய், உனக்குத் தெரியாது. கரையிலை இருந்து பார்க்க உன்ரை லைற் நல்ல வடிவு. நாங்கள் எல்லாரும் ஒவ்வொரு நாளும் பாக்கிறனாங்கள்” என்றார். எழும்பிப் போய்விட்டார்.

அவ்வளவுதான். அடித்திருந்தால் அப்பா தாங்கியிருப்பார். அடுத்த நாள் போட் முதலாளியிடம் போய், இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு ஆழமில்லாத களப்பில் ஒரு சின்னத் தோணியில் இறால் பிடித்தார். வருமானம் குறைந்தது, அம்மாவின் முகம் தெளிந்தது.

அந்தத் தவக்காலத்தில் அப்பா, சுவாமியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்கு வவுனியாவுக்குப் போனார். தன்னைத் தெரியாத ஒரு சுவாமியைத் தேடி அத்தனை தூரம். “மற்றவை பாவத்துக்குக் கோயிலுக்குப் போகினம், இந்த மனுசன் பஸ் ஏறிப் போகுது” என்று அம்மா இப்போதும் பகிடி பண்ணுவாள். போய் வந்த அன்று அப்பா சாப்பிட்டுக்கொண்டே அம்மாவிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“ஒரு சின்னச் செபம்தான் சொல்லச் சொன்னவர். செய்ததுக்கு அது காணாது போலை கிடக்கு.”

“சுவாமி காணும் எண்டால் காணும்தானே. நீங்கள் என்ன, சுவாமிக்கு மேலையே?”

அப்பா கோப்பையில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். கடவுள் விட்டுக்கொடுத்தாலும் தான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்ற ஒரு பிடிவாதம் அவரிடம் இருந்தது. பாவம் வவுனியாவிலேயே கழன்று விழுந்துவிட்டது. வெட்கம் மட்டும் அவரோடு பஸ் ஏறித் திரும்பி வந்தது.

அடுத்த ஞாயிறு அவர் கோயிலுக்குள் நுழைந்தபோது, கடைசி வாங்குப் பலகையில் இருந்த கரைவலைக்காரர் ஒருவர், பக்கத்தில் இருந்தவருக்குச் சொல்வதுபோல எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: “லைற் வந்திட்டுது. இனிக் கோயிலுக்குக் கறன்ற் தேவையில்லை.” வாங்குகள் சிரித்தன. அப்பா குருசு அடையாளம் போட உயர்த்திய கையை நெற்றியிலேயே வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு திரும்பி நடந்தார். அன்றிலிருந்து அவர் இடம் பூவரசடி. யன்னலால் பாட்டும் பிரசங்கமும் கேட்கும். எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்புவார், முழந்தாளிட வேண்டிய நேரத்தில் வேர்களுக்கு நடுவில் முழந்தாளிடுவார். பங்குச் சுவாமி ஒரு தடவை அந்த அறைக் கதவைத் திறந்து, “உள்ளுக்கு வாங்கோவன்” என்று கூப்பிட்டார். “இஞ்சை நல்ல குளிர்ச்சியாக் கிடக்கு சுவாமி” என்றார் அப்பா. பூவரசு அப்போது கடும் கோடையில் இலை கொட்டி, நிழலே இல்லாமல் நின்றது.

இப்படி ஒரு வருடம் போய், உயிர்ப்புப் பெருவிழாவான பாஸ்கு அடுத்த முறையும் வந்தது. பெரிய கிழமை தொடங்க முன்னர் சம்மாட்டியார் படலையில் நின்று என்னைக் கூப்பிட்டார். உயிர்த்த ஞாயிறு விடியப்புறத்தில் முதல் வாசகம் நான் வாசிக்க வேண்டும் என்றார். உலகம் இருண்டு கிடந்தபோது கடவுள் முதலில் வெளிச்சத்தை உண்டாக்கிய அந்த நீளமான வாசகம். “வேறை ஆர் தடக்காமல் வாசிக்கிறது? நீதானே இஞ்சை படிச்ச பிள்ளை” என்றார். அந்தக் கரையில் அந்த வாசகத்தை எங்கள் குடும்பத்தில் ஒருவர் வாசிப்பது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. ஆனால் அப்பா முன்னால் இருந்து கேட்காத வாசிப்பு எனக்கு என்ன வாசிப்பு?

“அப்பா, அண்டைக்கு உள்ளுக்கு வருவியளோ?”

“வெளியிலையும் கேக்கும் பிள்ளை. மைக் இருக்குத்தானே.”

“மைக்கிலை என்ரை முகம் தெரியாதே.”

“உன்ரை முகம் எனக்குத் தெரியாதே? ஏன், மறந்து போயிடுவனே?”

சிரித்துவிட்டு எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் குசினிக்குப் பின்னால் இருந்து அரத்தால் உரசுகிற சத்தம் வந்தது. தேங்காய்ச் சிரட்டை ஒன்றின் கண்ணைத் துளைத்துக்கொண்டிருந்தார். எங்கள் கோயிலில் பாஸ்குக்கு எல்லாரும் மெழுகுதிரிக்குக் கடதாசி சுற்றிக்கொண்டு வருவார்கள். அது காற்றில் ஒரு நிமிடம் நிற்காது. சிரட்டை என்றால், கீழே இருந்து ஓட்டையால் மெழுகுதிரியை ஏற்றினால் சுடர் கிண்ணத்துக்குள்ளே இருக்கும். எரிய எரியக் கீழிருந்து பெருவிரலால் மேலே தள்ளிக் கொடுக்க வேண்டும். “விளக்குப் போட முன்னம் நீ வாசிக்க வேணும். புத்தகத்திலை மெழுகு வடியாமல், அணையாமல் நிக்கும்” என்று என் கையில் தந்து பழக்கினார். நான் அதற்குள் ஒரு திட்டம் போட்டேன். அன்று புத்தகத்தை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சிரட்டையை அவரிடமே விட்டுவிடுவது. “கதவடியிலை தாங்கோ” என்று சொல்வது. கதவடி வரைக்கும் வந்துவிட்டால் மிச்சத்தைக் கடவுள் பார்த்துக்கொள்வார்.

எங்களுடையது சின்னக் கோயில் என்பதால் சுவாமி பெரிய கோயிலில் பூசை முடித்துவிட்டு விடியப்புறத்தில்தான் மோட்டார் சைக்கிளில் எங்களிடம் வருவார். கிழக்கு இன்னும் வெளுக்கவில்லை. வழமைபோலக் கொடிமரத்தடியில் புது நெருப்பு மூட்ட சம்மாட்டியார் விறகு அடுக்கியிருந்தார். அன்றைக்கென்று கொண்டல் எழும்பி அடித்தது. தட்டிய நெருப்புக்குச்சிகள் எல்லாம் அணைந்தன. இரண்டு மூன்று பேர் சாரத்தை விரித்து மறைத்தும் சரிவரவில்லை. சம்மாட்டியார் கடலைப் பார்த்து ஒரு முறை முறைத்தார்; பிறகு விறகை அள்ளிக் கையில் எடுத்தார்.

“இஞ்சை மூட்டேலாது. பின்னுக்குப் போவம், வாங்கோ எல்லாரும்” என்று முன்னால் நடந்தார்.

ஊர் முழுவதும் அணைந்த மெழுகுதிரிகளோடு அவருக்குப் பின்னால் போனது. பின்பக்கத்தில் பூவரசடியில் அப்பா தனியே நின்றார். இருட்டுக்குள் இத்தனை கால்களின் சத்தம் தன்னை நோக்கி வருவதைக் கேட்டு அவர் பதறிப்போயிருக்க வேண்டும். ஒதுங்கப் பார்த்தார், முதுகில் மரம் இடித்தது. சம்மாட்டியார் அவருடைய காலடியில் விறகைக் கொட்டினார். ஒரே குச்சியில் நெருப்புப் பற்றியது. அத்தனை நாளும் கோயிலுக்கு வெளியே நின்றவர் அப்பா ஒருவர். அன்றைக்குக் கோயிலே எழும்பி வெளியே வந்து அவருக்குப் பக்கத்தில் நின்றது. சுவாமி நெருப்பை மந்திரித்து, பாஸ்காத் திரி என்கிற அந்தப் பெரிய மெழுகுதிரியை ஏற்றினார். அதிலிருந்து சம்மாட்டியார் ஏற்ற, அவரிடமிருந்து ஒவ்வொருவராக ஏற்ற, அம்மா தன் சுடரைச் சாய்த்து அப்பாவின் சிரட்டைக்குள் ஏற்றினாள். நான் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு என் திட்டத்தைச் சொன்னேன்.

“அப்பா, எனக்குக் கை இல்லை. சிரட்டையைக் கதவடியிலை கொண்டந்து தாங்கோ.”

அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே திட்டம் பிடிபட்டுவிட்டது தெரிந்தது. “அம்மாவிட்டைக் குடுத்து விடுறன்” என்றார். அதற்குள் சுவாமி பாட்டை எடுத்துவிட்டார், கூட்டம் அசைந்தது, அம்மாவையும் என்னையும் தள்ளிக்கொண்டு போனது. அப்பா மரத்தடியிலேயே நின்றார்.

கோயிலைச் சுற்றி மூலை திரும்பினோம். காற்று அங்கேயே எங்களுக்காகக் காத்திருந்ததுபோல ஒரே அடியில் எல்லாவற்றையும் அணைத்தது. முதலில் கடதாசி சுற்றியவை, பிறகு கையால் பொத்தியவை, கடைசியில் சுவாமியின் கையில் இருந்த பாஸ்காத் திரியும். எங்கோ ஒரு குழந்தை அழுதது. யாரோ மடியில் இருந்து லைற்றர் எடுத்துத் தட்டினார்.

“வை உள்ளுக்கு!” என்று சம்மாட்டியார் போட்ட சத்தத்தில் குழந்தையும் நிறுத்திவிட்டது. “மந்திரிச்ச நெருப்பு இருக்க, பீடி பத்திற லைற்றராலையோ பாஸ்காத் திரி கொளுத்திறது?”

“அப்ப பின்னுக்குப் போய் நெருப்பு எடுத்துக்கொண்டு வாருங்கோ மூப்பர்” என்றாள் அம்மா.

சம்மாட்டியார் தலையைச் சொறிந்தார். “நான் மண் போட்டிட்டன்” என்றார்.

கரையில் பிறந்தவர்களுக்குத்தான் அது விளங்கும். மீனவர் தங்கும் வாடிகளெல்லாம் ஓலை; வலையெல்லாம் நைலோன். ஒரு பொறி பறந்தால் போதும். அதனால் கடற்கரையில் யார் நெருப்பு மூட்டினாலும், எழும்பிப் போகும்போது காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் போவார்கள். யோசித்துச் செய்வதில்லை, கால் தானாகச் செய்யும். உயிர்ப்பின் புது நெருப்பையும் அவர் கால் அப்படித்தான் மூடிவிட்டது.

“மூப்பர், உயிர்த்த ஆண்டவருக்குத் திருப்பியும் மண் போட்டிட்டியளே!” என்றார் சுவாமி.

இருட்டுக்குள் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நான் வாசலால் உள்ளே பார்த்தேன். பாஸ்காத் திரி வரும்வரை விளக்குப் போடாத கோயில் முழுவதும் இருட்டு. அந்த இருட்டின் மறு அந்தத்தில், பீடத்துக்கு மேலே, சின்னதாக ஒரு மஞ்சள். யன்னலுக்கு அப்பால் பூவரசடியில் அப்பாவின் சிரட்டை எரிந்துகொண்டிருந்தது. நான் கையை நீட்டிக் காட்டினேன். சிரிப்பு அடங்கியது. எல்லாரும் பார்த்தார்கள். கடலில் அந்த மனுசன் ஏற்றிய வெளிச்சத்தை மாதக் கணக்கில் கரையில் நின்று பார்த்த அதே கண்கள்.

சம்மாட்டியார் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, வலை இழுக்கும்போது கத்துகிற குரலில், கோயிலுக்குள்ளால் கத்தினார்.

“டேய் தம்பி! உன்னட்டைத்தான் நெருப்புக் கிடக்கு! முன்னாலை சுத்தி வராதை, காத்து அணைச்சுப் போடும். சுவாமியின்ரை அறைக்குள்ளாலை வா! உள்ளுக்காலை வா!”

யன்னலில் அந்த மஞ்சள் அசையவில்லை. அப்போது என்ன நினைத்தார் என்று பிற்பாடு அப்பாவிடமே கேட்டேன். “மெழுகு கட்டையாப் போச்சு பிள்ளை. யோசிச்சுக்கொண்டு நிண்டால் அணைஞ்சிடும். அதுதான் வந்தனான்” என்றார். சுடர் யன்னலைவிட்டு மறைந்தது. அறைக் கதவு கிறீச்சிட்டது. பிறகு பீடத்துக்குப் பக்கத்தில் அப்பாவின் முகம் தெரிந்தது. கீழிருந்து வெளிச்சம் பட்ட முகம். ஒரு வருடத்துக்கும் மேலாக வாசலால் வராத மனுசன், சுவாமிமார் வருகிற கதவால் உள்ளே வந்து, வெறும் வாங்குகளுக்கு நடுவில், சிரட்டையை மற்றக் கையால் அணைத்தபடி எங்களை நோக்கி நடந்து வந்தார். கண் சுடரைவிட்டு விலகவில்லை.

அப்போதுதான் அம்மா வாயைத் திறந்தாள். அத்தனை மாதமும் குசினிக்குள் ஒளித்திருந்த என் அம்மா.

“லைற் வந்திட்டுது! இனிக் கோயிலுக்குக் கறன்ற் தேவையில்லை!”

கோயில் வாசல் வெடித்துச் சிரித்தது. அந்தச் சொல்லை முதலில் சொன்ன கரைவலைக்காரர், “ஐயோ அக்கா, விடுங்கோவன்” என்று தலையில் கையை வைத்துக்கொண்டார். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் சுடர் ஆடியது. உடனே சம்மாட்டியார் பாய்ந்து, வலைக்கயிறு இழுத்துக் காய்த்துப்போன தன் இரண்டு கைகளாலும் அப்பாவின் கைகளைச் சுற்றிப் பொத்திக்கொண்டார். சுவாமி பாஸ்காத் திரியைச் சரித்தார். மூன்று தலைகள் ஒரு சிரட்டைக்கு மேல் குனிந்திருந்தன. திரி பற்றிக்கொண்டதும் சுவாமி அதை உயர்த்தி, கிறிஸ்துவின் ஒளியை வாழ்த்திப் பாடினார். நாங்கள் பாடிய பதிலில் கூரைத் தகடு அதிர்ந்தது.

நான் வாசிக்கப் போனபோது சிரட்டையைக் கேட்டு வாங்கினேன். அப்பா தரவில்லை. “உனக்குத் தள்ளத் தெரியாது, விரலைச் சுட்டுக்கொள்ளுவாய்” என்று என் பக்கத்தில் வந்து நின்றார். ஊர் முழுவதையும் பார்த்தபடி, ஊர் முழுவதும் பார்க்க, பெருவிரலால் மெழுகுதிரியை மெல்ல மெல்ல மேலே தள்ளிக்கொண்டு நின்றார். முதல் வெளிச்சம் உண்டான அந்த வரியை அவருடைய சுடரில் வாசித்தேன். தடக்கவில்லை. வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, வாசிக்கத் தெரியாத என் அப்பா புத்தகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், எழுத்துகளுக்கு வெளிச்சம் போதுமா என்று.

அந்த விடியலைப் பற்றி நான் எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அந்த நெருப்பில் அப்பாவுடையது என்று எதுவும் இல்லை. சம்மாட்டியார் மூட்டினார், சுவாமி மந்திரித்தார், அம்மா ஏற்றிக் கொடுத்தாள், அவர் காற்றுக்கு மறைத்துப் பிடித்தார். கடவுளின் வெளிச்சம் என்று நாங்கள் சொல்வது அப்படித்தான் வருகிறது என்று நினைக்கிறேன். நாம் அதற்குத் தகுதியானவர்களா என்று அது கேட்பதில்லை. கையில் இருந்தால் எரிகிறது. பாவத்தை மன்னிக்க ஒரு பாவசங்கீர்த்தனக் கூட்டின் மறைவு போதுமாக இருந்தது. வெட்கத்துக்கு அது போதவில்லை. வெட்கம் ஊரின் கண்களில் இருந்து வந்தது; அதே கண்களுக்கு முன்னால், முகத்தில் வெளிச்சம் பட நின்றபோதுதான் அது போனது. அன்று அவரைப் பார்த்தவர்கள் யாரும் பார்வையைத் திருப்பவில்லை. அவரும் திருப்பவில்லை. பூசை முடிந்து வெளியே வரும்போது கடலில் சூரியன் வந்துவிட்டது. அப்பா முன்வாசலால் இறங்கினார்.

அந்தக் கிழமையே சம்மாட்டியார் எங்கள் படலையில் நின்று, “கயிறுக்கு ஆள் காணாது” என்று காற்றுக்குச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். கயிற்றில் அவரை இப்போதும் ‘லைற்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். “ஓய் லைற், இறுக்கிப் பிடி!” என்றால், “ஓம், பிடிக்கிறன்!” என்கிறார். எனக்கும் அந்தப் பெயர் பழகிவிட்டது.

அடுத்த வருடப் பாஸ்குக்குக் காற்றே இல்லை. ஆனாலும் சம்மாட்டியார், “காத்தை நம்பேலாது. ஆரும் ஒராள் சிரட்டையோடை பின்னுக்கு நிக்கிறது நல்லது” என்றார். அந்த ‘ஆரும் ஒராளாக’ அந்த முறை நின்றவள், வீட்டாருக்குச் சொல்லாமல் போய்க் கலியாணம் முடித்து, கைக்குழந்தையோடு தனியே திரும்பி வந்திருந்த ஒரு அக்கா. அதற்கடுத்த முறை, கசிப்புக் குடியை விட்டும் ஊருக்குள் தலை காட்டாமல் திரிந்த ஒரு மாமா. ஏன் இவர்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் “காத்துக்குத்தான்” என்பார் சம்மாட்டியார். நாங்கள் முன்வாசலில் நின்று சும்மாவேனும் ஒரு மெழுகுதிரியையாவது அணைத்துவிடுவோம். பிறகு அவர் நிலையைப் பிடித்துக்கொண்டு கத்துவார். அந்த ஆள் சுவாமியின் அறைக்குள்ளால் சுடரோடு வருவார். அம்மா தன் வசனத்தைச் சொல்லுவாள். ஊர் சிரிக்கும்.

எனக்கு மாங்குளத்தில் நியமனம் கிடைத்தபோது சிரட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். ஒரு நிபந்தனையோடுதான் அப்பா தந்தார்: பாஸ்குக்கு அது ஊரில் நிற்க வேண்டும். போன கிழமை போனில் கதைத்தார்.

“பிள்ளை, வரேக்கை சிரட்டையை மறந்திடாதை.”

“வேறை ஒண்டு வெட்டுங்கோவன் அப்பா. உங்கை தேங்காய் இல்லையே?”

“தேங்காய் கிடக்கு. ஆனா அதுதான் காத்துக்கு நிண்டது.” பிறகு சேர்த்துக்கொண்டார்: “இந்த முறையும் ஒராள் வெளியிலை நிக்கிறார்.”

யார் என்று நான் கேட்கவில்லை. விடுமுறை தொடங்கிய அன்று சிரட்டையைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். மேசையில் வட்டமாகத் தூசி படியாத இடத்தை விஞ்ஞான ரீச்சர் பார்த்துவிட்டார்.

“அப்பாடா, எறிஞ்சிட்டியளோ?”

“இல்லை ரீச்சர். அதுக்கு ஊரிலை வேலை இருக்கு.”

பஸ்ஸில் யன்னல் பக்கத்தில் இடம் கிடைத்தது. ஒட்டுசுட்டானைக் கடந்ததும் காற்றில் ஈரம் தெரிந்தது. சிரட்டையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் இருந்த யாரோ ஒரு பெண்மணி அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: என் பெருவிரல் அந்த ஓட்டைக்குள் இருந்தது, இன்னும் செருகாத, ஏற்றாத ஒரு மெழுகுதிரியை மெல்ல மெல்ல மேலே தள்ளிக்கொண்டு.